மூன்று சுத்தியலும் ஒரு குறடும்

வீட்டுக்குச் சுத்தியல் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் சின்னதாகப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். 200 கிராம் தலை, கைக்குள் அடங்கும் பிடி, விலையும் குறைவு. அதைக் கொண்டு ஒரு 2 இன்ச் ஆணியை அடிக்கும்போதுதான் சங்கடம் புரியும். தலையில் கனம் இல்லாததால் முழுப் பலத்தையும் கைதான் கொடுக்க வேண்டியிருக்கிறது. பலம் கூடக் கூடக் குறி தவறும், ஆணி வளையும், விரல் நசுங்கும். கனமான சுத்தியல்தான் உண்மையில் கைக்குச் சுலபம். தூக்கி விடுவது மட்டும் நம் வேலை, மற்றதைத் தலை பார்த்துக்கொள்ளும்.

மரக் கைப்பிடி போட்ட 300 கிராம் பால்பெயின் சுத்தியல், ஃபைபர் கைப்பிடியுள்ள 450 கிராம் க்ளா ஹேமர், இரும்புக் குழாயையே கைப்பிடியாக்கிய இன்னொரு க்ளா ஹேமர் ஆகிய மூன்றையும் சில மாதங்களாக வீட்டு வேலைகளுக்கு மாற்றி மாற்றிப் பயன்படுத்திவருகிறேன். பால்பெயின் என்பது பட்டறைச் சுத்தியல். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. அந்த உருண்டை ரிவெட்டைத் தட்டிப் பரத்துவதற்கானது. உளி பிடித்துத் தட்டவும் சுவரில் ஆணி அடிக்கவும் நன்றாக உழைக்கிறது. ஆனால் வளைந்த ஆணியைப் பிடுங்க வழியில்லை.

இரும்புக் குழாய்க் கைப்பிடிக்காரர் முறுக்கானவர், தலை கழன்று வருமோ என்ற பயமே இல்லை. ஆனால் ஒவ்வொரு அடியின் அதிர்வும் மணிக்கட்டுக்கு வந்து சேர்கிறது. அலமாரியின் பின்பலகை முழுவதையும் அடித்து முடித்தபோது முழங்கைவரை வலி. பின்பக்கக் கவையின் பிளவும் அகலம். 1 இன்ச் ஆணியின் தலை அதில் சிக்காமல் வழுக்கிப் போகிறது. 450 கிராம் ஃபைபர் சுத்தியலில் இந்த இரண்டு குறையும் கிடையாது. வீட்டுக்கு ஒன்றே ஒன்று என்றால் என் தேர்வு இதுதான். கவை வளைவாக இருக்கட்டும். நேரான கவை பலகையைப் பெயர்ப்பவர்களுக்குத்தான் தேவை.

கடைக்குப் போகும்போது சட்டைப் பையில் ஒரு 1 இன்ச் ஆணியைப் போட்டுக்கொள்ளுங்கள். கவையின் பிளவு உள்ளே போகப் போகக் குறுகி, அந்த ஆணியைக் கவ்வுகிறதா பாருங்கள். அடுத்து, அடிக்கும் முகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். லேசான குமிழ்ப்பு தெரிய வேண்டும். சுத்தத் தட்டையாக இருந்தால், சற்றே சாய்ந்து விழும் அடியில் விளிம்பு பட்டு மரத்தில் பிறை வடிவத் தழும்பு விழும். மரக் கைப்பிடியென்றால் தலைக்குள் நுழையும் இடத்தில் ஆப்பு இறுகியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தலை கழன்று பறப்பது பழைய தொல்லை. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து நார்விச்சில் டேவிட் மேடோல் என்ற கொல்லர் 1840களில் சுத்தியல் தலையின் துளையைக் கீழ்நோக்கி நீட்டி, கைப்பிடியை ஆழமாகக் கவ்வும்படி செய்து பெயர் வாங்கினார். இன்றைய நல்ல க்ளா ஹேமர்களின் தலைக்குக் கீழே கழுத்துப்போல இறங்கும் பகுதி அந்த வழியில் வந்ததுதான். தளர்ந்த மரக் கைப்பிடியைத் தண்ணீரில் ஊறப்போடுவது அன்றைக்கு மட்டும்தான் உதவும். காய்ந்ததும் இன்னும் தளரும். புது ஆப்பு அடிப்பதே சரி.

சுத்தியலோடு ஒரு குறடும் வாங்கிவிடுங்கள். தலை ஒடிந்த ஆணியைக் கவையால் எடுக்க முடியாது. கட்டிங் பிளேயர் பிடித்தாலும் வழுக்கும். குறடு கவ்வினால் விடாது. குறடோ கவையோ, அடியில் ஒரு சிறு மரத்துண்டை வைத்துச் சாய்த்தால் நெம்பும் உயரம் கூடி ஆணி நேராக எழும்பும், பலகையிலும் பள்ளம் விழாது.

மரத்தில் அடிக்கும்போது ஆணியின் நீளம், மேலே வரும் பலகையின் கனத்தைப் போல் மூன்று மடங்கு இருக்கட்டும். அரை இன்ச் பலகைக்கு ஒன்றரை இன்ச். கேஜ் எண் கூடினால் ஆணி மெல்லிசு என்பதையும் கவனித்து வாங்குங்கள். பலகையின் ஓரத்தில் அடிப்பதானால், ஆணியைத் தலைகீழாகக் கல்மேல் நிறுத்தி முனையை லேசாகத் தட்டி மழுக்கிக்கொள்ளுங்கள். கூர்முனை மரத்தின் நாரை ஆப்புப்போல விலக்கிப் பிளக்கிறது. மழுங்கிய முனை நாரை நசுக்கி இறங்குகிறது. தேக்கு போன்ற மரத்துக்கு, ஆணியைவிடச் சற்று மெல்லிய துளை போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. சின்ன ஆணிகளைப் பழைய சீப்பின் பற்களுக்கிடையில் செருகிப் பிடித்தால் விரல் தப்பும். கைப்பிடியை நுனியில் பிடித்து, முதல் சில தட்டு மெதுவாக, ஆணி தானாக நின்றபின் வீச்சாக.

சுவர் வேறு கதை. செங்கல் சுவரின் உட்பூச்சு சுமார் 12 மில்லிமீட்டர். ஆணி அதைத் தாண்டி ஒரு இன்ச்சாவது உள்ளே போனால்தான் பாரம் தாங்கும். சாதாரண ஆணி இங்கே மடங்கும், ஸ்டீல் ஆணிதான் வேண்டும். ஆனால் அதன் விறைப்பில் ஆபத்தும் இருக்கிறது. சாய்வாக அடித்தால் மடங்காது, ஒடிந்து தெறிக்கும். கண்ணாடி போடாமல் யாரும் ஸ்டீல் ஆணி அடிக்காதீர்கள், குழந்தைகளையும் பக்கத்தில் நிறுத்தாதீர்கள். க்ளா ஹேமரையும் இதற்கு எடுக்க வேண்டாம், அதன் முகமே சில்லு தெறிக்கக்கூடும். சுவர் வேலை அடிக்கடி வரும் வீட்டில் பால்பெயினோ சின்னச் சம்மட்டியோ தனியாக இருக்கட்டும். சுவிட்ச் போர்டுக்கு நேர்மேலும் நேர்கீழும் ஆணியே வேண்டாம், சுவருக்குள் ஒயரிங் பைப் ஓடுவது பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான்.

பூச்சைத் தாண்டியதும் ஆணி இறங்க மறுத்து, அடி திரும்பி வந்தால் அது கான்கிரீட் தூணோ பீமோ. அங்கே மல்லுக்கட்டாமல் 6 மில்லிமீட்டர் துளை போட்டு ரால் பிளக், ஸ்க்ரூ. புதிய அடுக்குமாடிகளின் ஏஏசி பிளாக் சுவரில் இதற்கு நேர்மாறு. ஆணி வெண்ணெயாக இறங்கிவிடும், பாரம் ஏற்றியதும் அதே சுலபத்தில் வெளியே வரும். அந்தச் சுவருக்கென்றே விற்கும் பிளக்கைக் கேட்டு வாங்குங்கள்.