தொடக்கவுரையே தீர்ப்பாகுமா?

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஓ.ஜே. சிம்ப்சன் மீதான கொலை வழக்கின் தொடக்கவுரைகள் 1995 சனவரி 24 அன்று ஆரம்பமாயின. முந்தைய ஆண்டு சூன் 12இல் அவருடைய முன்னாள் மனைவி நிகோல் பிரவுனும் ரொனால்டு கோல்டுமனும் குத்திக் கொல்லப்பட்டிருந்தனர். தொலைக்காட்சி அவ்வுரைகளை வீடுதோறும் கொண்டு சேர்த்தது.

மக்கள் அவற்றை எவ்வாறு கேட்டனர் என்பதே நம் கேள்வி. அரசுத் தரப்பினர் இரத்தத் தடயங்களையும் இல்லற வன்முறையையும் எடுத்துரைத்தனர். மறுநாள் எதிர்த்தரப்பில் ஜானி காக்ரன் பேசினார். உடனே, வென்றவர் யார் என்ற விவாதம் மூண்டது. பட்டிமன்றத்திற்கு மதிப்பெண் இடுவதுபோல் குரலும் தோற்றமும் அளக்கப்பட்டன.

தொடக்கவுரை சான்றன்று, இனி நிறுவப்போவதைப் பற்றிய வாக்குறுதி மட்டுமே. காக்ரன் முன்னறிவித்த சாட்சிகளுள் சிலர் ஜூரியின் முன் வரவேயில்லை.

எனினும் கேட்டவரை மட்டும் பழித்தல் நேர்மையன்று. ராட்னி கிங்கைக் காவலர் அடித்ததை 1991இல் உலகமே கண்டது. 1992இல் மாநில நீதிமன்ற ஜூரி அக்காவலருள் எவரையும் குற்றவாளி எனக் காணவில்லை. அக்காயத்தோடுதான் கறுப்பின மக்கள் பலர் காக்ரனைக் கேட்டனர். வெள்ளையர் பலரோ குற்றம் உறுதியென முன்னரே முடிவு செய்திருந்தனர். சமூகத்தின் காயம் மெய்யே. ஆயினும் அது ஒரு கொலையின் உண்மைக்கு ஈடாகாது.

1995 அக்டோபர் 3இல் ஜூரி அவரை விடுவித்தது. 1997இல் உரிமையியல் வழக்கின் ஜூரி, அம்மரணங்களுக்கு அவரே பொறுப்பு என்றது. இருவேறு மன்றங்கள் மாதக்கணக்கில் ஆராய்ந்ததை மக்கள் முதல் நாளிலேயே முடித்துவிட்டனர். அந்த ஆரவாரத்தில் மறைந்தவர்கள், கொலையுண்ட இருவரே.

தீர விசாரிப்பதே மெய் என்பர் நம் முன்னோர். விசாரணை முடியுமட்டும் தீர்ப்பை நாவில் நிறுத்திவைத்தல், இறந்தோருக்கும் குற்றஞ்சாட்டப்பட்டோருக்கும் நாம் செலுத்தவேண்டிய கடன்.