செய்தியில் தடவிய வெண்ணெய்

அமுல் வெண்ணெயின் புள்ளிச் சட்டைச் சிறுமி 1960களிலிருந்து விளம்பரப் பலகைகளில் ஊர்ப்பேச்சைக் கிண்டலடித்து வருகிறாள். நெருக்கடிநிலைக் காலத்தில் கட்டாயக் கருத்தடை நாட்டைக் கலக்கியது. கருத்தடைக்கும் கிருமிநீக்கத்துக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதைப் பிடித்துக்கொண்டு, நாங்கள் என்றுமே அதைக் கட்டாயமாகச் செய்பவர்கள் என்றது பலகை. செய்தியையே பொருளின் தரத்துக்குச் சாட்சி சொல்லவைத்ததுதான் இதன் அழகு. ஆனால் ஒரு கடை புதுப்படப் பெயரைத் தள்ளுபடி அறிவிப்பில் ஒட்டுவதில் செய்திக்கும் பொருளுக்குமான இந்த உறவு இல்லை. படம் நினைவிருக்கும், கடை மறந்துபோகும்.

செய்தி நாளைக்கே பழசாகிவிடுமே என்பார்கள். உண்மைதான், அதனால்தான் சிறுமி மாறாமலிருக்க, வாசகம் மட்டும் மாறுகிறது. பிறர் துயரில் வியாபாரமா என்ற கேள்வி இன்னும் கனமானது. அதற்கு விதி எளிது: சிரிக்க இடமில்லாத செய்தியில் விற்கவும் இடமில்லை.