கந்தையும் காந்தாவும்: தையல் போர்வை கலையாகும் இடம்

தமிழில் ‘கந்தை’ கிழிந்த துணியைக் குறிக்கும். வறுமையையும் உடன் சுட்டும். அதே வடசொல்லடியாகப் பிறந்த வங்காளக் ‘காந்தா’வோ, பழம்புடவைகளை அடுக்கி ஓடு தையலால் பிணைத்த போர்வையின் பெயர். இளையாத்தங்குடி முதலிய செட்டிநாட்டு ஊர்களுக்கும் ஏனைய தமிழகத்துக்கும் இச்செயல் புதிதன்று. பலமுறை துவைத்து மெத்தென்றான நூற்புடவையை மடித்துத் தைத்துக் குழந்தைக்கு விரிப்பது வீட்டு வழக்கம். ஆயினும் அவ்விரிப்பு கலைப்பொருளாக எண்ணப்படுவதில்லை. இவ்வேறுபாட்டைத் தையலின் தரத்தால் மட்டும் விளக்கிவிட முடியாது.

காந்தாவை ஆய்வுப்பொருளாக்கியவர்கள் அதைத் தைத்த பெண்களல்லர். 1939இல் ஸ்டெல்லா கிராம்ரிஷ் அதுகுறித்துக் கட்டுரை எழுதினார். குருசதய் தத் திரட்டியவை கொல்கத்தாவை அடுத்த ஜோகாவில் அவர் பெயரிலான அருங்காட்சியகத்தில் இடம்பெற்றன. காந்தாவில் உருவங்கள் உண்டு, நம் விரிப்பில் அணி ஏதுமில்லை என மறுக்கலாம். ஆனால், அலபாமாவின் கீஸ் பெண்ட் பெண்கள் தேய்ந்த வேலையுடைகளை வெட்டித் தைத்த போர்வைகளிலும் பூவேலை இல்லை. 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் அவற்றைக் காட்சிப்படுத்தியது.

படுக்கையிலிருந்து சுவருக்கு ஏறியதில் இழப்பும் உண்டு. 1971இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் ஜோனதன் ஹோல்ஸ்டீனும் கெயில் வான் டெர் ஹூஃபும் பழம்போர்வைகளை அரூப ஓவியங்கள்போல் மாட்டினர். போர்வை மதிப்புப் பெற்றது. தைத்தவள் பின்னுக்குத் தள்ளப்பட்டாள். 1973இல் பட்ரீசியா மைனார்டி இதனைக் கடுமையாக மறுத்தெழுதினார். அம்மறுப்பின் கூர்மை இன்றும் மழுங்கவில்லை என்பதே என் கருத்து.

வட கன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வழித்தோன்றல்களான சித்திப் பெண்களின் ‘கவுதி’ நமக்கு இன்னும் அணுக்கமான சான்று. முன்வரைவின்றி, ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கித் தைத்துச் செல்வர். முடிவில் நான்கு மூலைகளிலும் ‘பூலா’ எனப்படும் மடிப்புத்துண்டுகளை வைப்பர். அவையில்லாத கவுதி அம்மணமானது என்பது அவர்கள் கருத்து என ஹென்றி ஜான் ட்ரூவல் பதிவுசெய்கிறார். அழகின் இலக்கணம் செய்பவரிடமே இருந்தது. அதைக் கேட்டறிய ஒருவர் வேண்டியிருந்தது, அவ்வளவே.

காரைக்குடி முனீசுவரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளின் தூணுக்கும் எனாமல் பாத்திரத்துக்கும் விலையுண்டு. கண்டாங்கிச் சேலை 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அக்காப்பு நெய்தலுக்கானது, நைந்ததற்கன்று. புதுக் கண்டாங்கியை வெட்டிச் சுவர்ப்போர்வை தைப்பவர் அதன் அரக்கையும் கடுகு மஞ்சளையும் கட்டங்களையும் பெறுவார். உடுத்திய ஆண்டுகளைப் பெறமாட்டார். சோதனைப் போர்வையில் துணியின் முன்வாழ்வு படிக்கக் கிடைக்கிறதா என்பதையே அளவுகோலாகக் கொள்ளலாம்.

இவ்வளவுகோல் எல்லார்க்கும் பொருந்தாது. 1983 முதல் ஃபெய்த் ரிங்கோல்ட் படைத்த கதைப்போர்வைகளில் தீட்டிய ஓவியமும் எழுதிய கதையுமே அப்பணியைச் செய்கின்றன. நம் வீட்டு விரிப்புக்கு அத்தகைய எழுத்தில்லை. யாருடைய சேலை, எந்தக் குழந்தைக்காகத் தைத்தது, எவ்விடத்தில் மறு ஒட்டுப் போட்டது என்பவை தைத்தவரின் நினைவில் மட்டுமே உள்ளன. களப்பணியாளர் முதலில் எடுத்துச் செல்ல வேண்டியது ஒலிப்பதிவுக் கருவி. நிழற்படக் கருவி அதற்குப் பின்னர்தான்.