அமீபாவுக்கு என்ன வேலை?

தமிழ்நாடு அரசின் ஆறாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில், விலங்குகளைப் பற்றிய பாடத்தில் மூணு ஒருசெல் உயிரிகள் வருது. அமீபா போலிக்காலால் நகரும், பாரமீசியம் குறு இழையால் நகரும், யூக்ளினா கசையிழையால் நகரும். கலைச்சொற்கள் நல்ல தமிழ், சொல்லிப் பார்த்தாலே அர்த்தம் புரியும். அந்த உழைப்பை மதிக்கிறேன்.

ஆனா பாடத்தை முடிக்கிற குழந்தைக்கு இதுங்க எப்படி நகரும்னு தெரியும், எதுக்கு நகருதுன்னு தெரியாது. மேல் வகுப்புக்குப் போனா அமீபா சீதபேதி, பிளாஸ்மோடியம் மலேரியா என்று நோயாகத்தான் மறுபடி சந்திக்கிறோம். குளத்துல சும்மா கிடக்கிற அமீபாவும், சீதபேதி தர்ற என்டமீபாவும் வேறவேற உயிர்கள். சோப்பு விளம்பரம் வேற 'கிருமி'ன்னு பயமுறுத்திட்டே இருக்கு. கடைசியில குழந்தை மனசுல நிக்கிறது அசிங்கம், ஆபத்து அப்படிங்கிற ரெண்டு சொல்தான்.

வேலையைச் சொல்லியிருந்தா கதையே மாறியிருக்கும். கடலிலும் குளத்திலும் கண்ணாடி ஓட்டுக்குள் வாழும் டயட்டம்கள், பூமியில் ஒளிச்சேர்க்கையால் உருவாகும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதத்தைத் தருதுன்னு கணக்கிடுறாங்க. நம்ம கோயமுத்தூர் உக்கடத்துல கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கு. இந்த மாதிரி நிலையங்களில் பாக்டீரியா கழிவைத் தின்னும். வார்ட்டிசெல்லா போன்ற குறு இழை உயிரிகள் மிதக்கும் பாக்டீரியாவைத் தின்னு தண்ணியைத் தெளிய வைக்கும். தோட்டத்து மண்ணிலும் அமீபா பாக்டீரியாவை மேயும். மிச்சமாகிற நைட்ரஜன் வேருக்குப் போகும். வெள்ளாட்டை மேயவிட்டா எருவு கிடைக்கிற கணக்குதான். கொங்கு நாட்டுக் குழந்தைக்கு இதைவிட எளிதா எப்படிச் சொல்றது?

இன்னொரு குறை, வகைப்பாடு. யூக்ளினாவுக்குப் பசுங்கணிகம் உண்டு, வெளிச்சத்துல தானே உணவு தயாரிக்கும். அதை விலங்குப் பாடத்துல உட்கார வைக்கும்போது ஒரு வரி விளக்கம் வேணும். 1866ல் ஹெக்கல் 'புரோட்டிஸ்டா'ன்னு தனி உலகம் பிரிச்சதே இந்தச் சிக்கலுக்காகத்தான். இன்னைக்கு அதுவும் ஒரே வம்சம் இல்லைன்னு தெரியும். செடியா மிருகமான்னு குழந்தை கேட்கிற கேள்விக்கு "ரெண்டும் இல்லை"ங்கிறது அருமையான பதில். அதைப் புத்தகமே மறைச்சிடக் கூடாது.

பார்க்கவும் செலவு அதிகமில்லை. ஐஐடி கான்பூரில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்ச மனு பிரகாஷ், ஸ்டான்போர்டில் உருவாக்கி 2014ல் அறிவிச்ச காகித மைக்ராஸ்கோப்பான ஃபோல்ட்ஸ்கோப், சுமார் 140 மடங்கு பெரிதாக்கும். ஒரு மில்லிமீட்டரில் நாலில் ஒரு பங்கு இருக்கிற பாரமீசியத்துக்கு அது தாராளம். குளத்துத் தண்ணியில காய்ஞ்ச சோளத்தட்டைப் போட்டு நிழல்ல அஞ்சாறு நாள் வைங்க. முதலில் பாக்டீரியா பெருகும், பின்னாடியே அதைத் தின்ன குறு இழை உயிரிகள் வரும். தொட்ட கையைக் கழுவிடணும், அவ்வளவுதான். ஒண்ணை மட்டும் மறக்காம சொல்லிக் குடுங்க: குளத்துல மிதக்கிற பச்சை எல்லாமே புரோட்டிஸ்ட் இல்லை, நீலப்பச்சைப் பாசி உண்மையில் பாக்டீரியா.

சிங்காநல்லூர் குளத்துல எந்தப் பறவை வருதுன்னு நாம கணக்கெடுக்கிறோம், நல்ல விஷயம். அந்தப் பறவை தின்கிற மீன், மீன் குஞ்சு தின்கிற நுண்ணுயிர்னு கீழே இறங்கிப் போனா நிக்கிற இடம் இந்த ஒருசெல் உயிரிகள்தான். அதைக் கிருமின்னு மட்டும் படிச்சு வளர்ற தலைமுறைக்குக் குளத்தை மூடுறது சுத்தம் பண்றதாத்தான் தெரியும். புத்தகத்தை அடுத்த முறை திருத்துறவங்க, ஒவ்வொரு உயிரின் படத்துக்கும் கீழே "இதன் வேலை" என்று ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும்.