ஸ்கேன் ரிப்போர்ட்டை ஒரு பிரதியாக வாசித்தல்

கதையும் கவிதையும் மட்டுந்தான் பிரதி என்று நம்பிக்கொண்டிருப்பவர்களுக்கு இது உறுத்தலாம். மத்தூரிலும் போச்சம்பள்ளியிலும் ஒரு கர்ப்பிணிப் பெண் கையில் வைத்திருக்கும் ஸ்கேன் ரிப்போர்ட்டும் பிரதிதான். அவள் உடலைப் பற்றி, அவளைக் கேட்காமல் எழுதப்பட்ட பிரதி. 'இத்தனை வாரம், இத்தனை நாள்' என்று அதில் ஒரு வரி இருக்கும். அந்த வரியை எழுதியது யார் என்பதே என் கேள்வி.

எழுதியது மெஷினுக்குள் இருக்கும் சூத்திரம். சிசுவின் தலை, வயிறு, தொடை எலும்பு ஆகியவற்றின் அளவுகளிலிருந்து வயதைக் கணக்கிடும் சூத்திரங்களில் உலகெங்கும் பரவலாக இருப்பது ஹாட்லாக் என்பவர் பெயரால் வழங்குவது. 1984இல், அமெரிக்காவின் டெக்ஸாஸில், பெரும்பாலும் நடுத்தர வர்க்க வெள்ளைப் பெண்களின் கர்ப்பங்களை அளந்து உருவாக்கப்பட்டது. அளக்கப்பட்ட சிசுக்கள் 361. அந்த 361 உடல்கள் 'உடல்' என்கிற பொதுப்பெயரைப் பெற்றன, மற்றவை விலகல்களாயின. மையம் ஒருபோதும் தன்னை மையம் என்று சொல்லிக்கொள்வதில்லை. 'நார்மல்' என்றே சொல்லிக்கொள்ளும்.

எங்கள் பக்கத்துப் பெண்ணிடம் வேறொரு கணக்கு இருக்கிறது. "மாங்கா சீசன் முடியற சமயத்துல தலைக்கு ஊத்திக்கிட்டேன் சிஸ்டர்" என்பாள். படிவத்தில் ஏறும்போது அது 'தேதி தெரியாது' என்று ஆகிவிடும். 'பத்து மாசம்' என்கிற வழக்கைப் பாமரக் கணக்கு என்று சிரிப்பவர்கள், இருபத்தெட்டு நாள் மாதமாகப் பத்தைப் பெருக்கிப் பார்க்கட்டும். 280 நாள். மருத்துவப் புத்தகம் சொல்லும் அதே எண்தான்.

ஒரு வாரம் முன்னே பின்னே ஆனால் என்ன கெட்டுப்போச்சு என்று கேட்கலாம். குறைமாதத்தில் வலி கண்டவளுக்குச் சிசுவின் நுரையீரல் முதிர ஸ்டீராய்டு ஊசி போடுவதா, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதா என்பதெல்லாம் அந்த வார எண்ணைப் பார்த்துத்தான் முடிவாகிறது.

2015 முதல் ஹரியானாவின் குருகிராம் அரசு மருத்துவமனைக்கு வந்த கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்த 'கர்பிணி' ஆய்வின் தரவுகளைக் கொண்டு, சென்னை ஐஐடியும் ஃபரிதாபாதில் உள்ள மத்திய அரசு ஆய்வு நிறுவனம் ஒன்றும் 2024இல் 'கர்பிணி-ஜிஏ2' என்கிற சூத்திரத்தை வெளியிட்டன. பிழை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது என்பது அவர்கள் முடிவு. வரவேற்போம். ஆனால் 'இந்திய உடல்' என்று இன்னொரு மையத்தைக் கட்டிவிட வேண்டாம்.

ஏனென்றால் எதிர்த்திசையிலும் ஒரு சான்று உண்டு. ஆக்ஸ்ஃபோர்டை மையமாகக் கொண்ட 'இன்டர்குரோத்-21' ஆய்வு நாகபுரி, நைரோபி, மஸ்கட் உள்ளிட்ட எட்டு இடங்களில் நல்ல உணவும் நல்ல கவனிப்பும் கிடைத்த பெண்களை மட்டும் தேர்ந்து அளந்தது. 2014இல் வெளியான அதன் முடிவு: அந்தச் சிசுக்களின் வளர்ச்சி எங்கும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தது. அதாவது வேறுபாட்டின் பெரும்பகுதி இனத்தில் இல்லை, சோற்றில் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இந்த உடல்களை வைத்தே 'நமக்கான' வளர்ச்சி அளவுகோலைச் செய்தால் பசியே நார்மல் ஆகிவிடும். தேதிக் கணக்கு நம் உடலுக்குப் பொருந்த வேண்டும். வளர்ச்சியின் அளவுகோலை நம் வறுமைக்குப் பொருத்தக் கூடாது. இரண்டையும் குழப்புவது அரசுக்கு வசதி.

அப்படியானால் ஆய்வே வேண்டாமா? வேண்டும். பிறக்கும்போது மூச்சுத்திணறி மூளை பாதிக்கப்பட்ட சிசுவின் உடலை மூன்று நாள் குளிர்வித்து வைப்பது பணக்கார நாடுகளில் உயிர்காக்கும் சிகிச்சை என்று நிறுவப்பட்டது. அதைச் சென்னை, பெங்களூரு உள்ளிட்ட இந்திய நகரங்களிலும் இலங்கை, வங்காளதேசத்திலும் 408 சிசுக்களிடம் சோதித்தது 'ஹீலிக்ஸ்' ஆய்வு. 2021இல் முடிவு வந்தது. குளிர்விக்கப்பட்டவர்களில் 42 சதவீதம் பேர் இறந்தனர். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 31 சதவீதம். அங்கே காப்பாற்றியது இங்கே சாவைக் கூட்டியது. சோதிக்காமல் இறக்குமதி செய்திருந்தால் இந்தச் சாவுகள் எந்தக் கணக்கிலும் வந்திருக்காது. 'விதி' என்று முடிந்திருக்கும். ஆனால் அந்த அறிவுக்கு விலை கொடுத்தவர்கள் யார்? அரசு ஆஸ்பத்திரி வராந்தாவில், பயத்தோடு கையெழுத்துப் போட்ட பெற்றோர்கள். அவர்கள் மொழியில், அவர்களுக்குப் புரிகிறபடி அந்த முடிவைத் திருப்பிச் சொல்வது ஆய்வின் கடமை. மருத்துவ இதழில் கட்டுரை வந்தால் போதாது.

'பன்மை' என்றதும் கைதட்டும் பழக்கம் நம் சிறுபத்திரிகை நண்பர்களுக்கு உண்டு. பல நிற உடல்களை ஒரே அட்டவணையில் அடுக்குவது பன்மை ஆகாது. கேள்வியை யார் கேட்கிறார்கள் என்பதில் பன்மை வேண்டும். கம்பெனி பஸ் ஏறி ஓசூருக்கும் பர்கூருக்கும் ஷிஃப்டுக்குப் போகிறவள் எத்தனை மணி நேரம் நிற்கிறாள், எத்தனை முறை சிறுநீரை அடக்குகிறாள், நைட் ஷிஃப்டை எத்தனாவது மாதத்தில் விட முடிகிறது? இவற்றுக்கு எந்த ஆய்வுப் படிவத்தில் கட்டம் இருக்கிறது? அந்தக் கட்டத்தை வரையும்போது அவளும் மேஜையில் உட்கார்ந்திருக்க வேண்டும். தமிழிலோ தெலுங்கிலோ கன்னடத்திலோ, அவள் பேசுகிற பாஷையில்.