கைச்சின்னத்தில் எது வேறுபாடு?

அமெரிக்க உள்நாட்டுப் போரில் ‘ஹாஸ்பிட்டல் ஸ்டூவர்டு’ பதவியில் இருந்தவர், முழங்கைக்கு மேலே மரகதப் பச்சைத் துணியில் சரிவான பட்டை ஒன்றை அணிந்தார். அதன் இரு ஓரங்களிலும் மஞ்சள் பட்டுக் கரை. நடுவில் இரண்டு அங்குல நீளத்தில் மஞ்சள் பட்டு நூலால் தைத்த இரட்டைப் பாம்புக் கோல். 1862 ஆகஸ்டில், பொடோமாக் படையின் மருத்துவ இயக்குநர் ஜோனதன் லெட்டர்மேனின் திட்டப்படி ஆம்புலன்ஸ் பிரிவு ஒன்று உருவானது. அதன் சாதாரணச் சிப்பாய்க்கும் அதே இடத்தில் பச்சைப் பட்டைதான். பாம்பும் மஞ்சள் கரையும் மட்டும் கிடையாது. முன்னவர் மருந்தும் மருத்துவமனை நிர்வாகமும் அறிந்தவர். பின்னவர் காயம்பட்டவர்களைத் தூக்கி வண்டியில் ஏற்றியவர். இருவரையும் பிரித்துக் காட்டுவது அந்த மஞ்சள் நூல்தான். ஆனால் அக்காலத்து ஈரத்தகட்டுப் புகைப்படத்தில் பச்சையும் மஞ்சளும் ஒன்றுபோலவே கறுத்து விழும். எதைத் தேடுகிறோமோ அதுவே படத்தில் மங்கிப்போகிறது.

ராணுவ மருத்துவப் பணியாளர்களின் கைச்சின்னங்களை வகை பிரிப்பவர்கள் இத்தகைய இடத்தில்தான் தங்கள் திறமையைக் காட்டுகிறார்கள். பாம்பு தெரியாவிட்டாலும் கரை தெரிகிறதா, கோட்டின் நீளம் என்ன, தொப்பியில் பச்சைப் பட்டை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து ஒரு முடிவுக்கு வருவார்கள். முதல் உலகப் போர்ப் படங்களிலும் இந்தக் கவனம் தேவைப்படுகிறது. அன்றைய ஃபிலிம்கள் பலவற்றில் சிவப்பு கறுப்பாகப் பதியும், மஞ்சளும் இருண்டுவிடும். நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சடித்திருந்தால் இடக்கைச் சின்னம் வலக்கைக்கு மாறிவிடும். சட்டைப் பொத்தான் எந்தப் பக்கம் மூடுகிறது என்று பார்த்து அதைக் கண்டுபிடிப்பார்கள். பெயரற்ற ஒரு முகத்துக்குப் பணியையும் காலத்தையும் மீட்டுத்தரும் இந்த உழைப்பைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது அநியாயம்.

துணியைப் படிப்பதிலும் இவர்கள் தேர்ந்தவர்கள். சின்னத்தின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தை அதிக நேரம் பார்ப்பார்கள். கைத்தையலா இயந்திரத் தையலா என்பதை அங்கே ஓடும் நூல் சொல்லிவிடும். ஓரத்தைச் சுற்றிலும் தடித்த ஓவர்லாக் தையல் போட்ட அமெரிக்கச் சின்னம் என்றால் 1960களின் பிற்பகுதிக்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு குறைவு. புற ஊதா விளக்கில் நூல் நீலமாக ஒளிர்ந்தால் சந்தேகம் வரும். அப்படி ஒளிரவைக்கும், துணியை வெண்மையாக்கும் ரசாயனங்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே பரவலாயின. ஆனால் இந்தச் சோதனையைச் சிலர் தீர்ப்பாகவே எடுத்துக்கொள்வது தவறு. 1916-ஆம் ஆண்டுச் சின்னத்தைப் பேரப்பிள்ளைகள் யாராவது இன்றைய சலவைத்தூளில் துவைத்திருந்தால் அதுவும் ஒளிரும். ஒளிராத பருத்தி நூலில் இன்றைக்கும் போலி தைக்கலாம்.

இவை சிறு குறைகள். பெரிய குறை, எல்லா வேறுபாட்டையும் ஒரே தராசில் நிறுப்பது. ஜெர்மன் ராணுவ மருத்துவப் பணியாளரின் ஒற்றைப் பாம்புச் சின்னத்தை எடுத்துக்கொள்வோம். பின்னணித் துணி முதலில் கரும்பச்சையாக இருந்தது. இரண்டாம் உலகப் போர் நீள நீளச் சாம்பல் சாயலுக்கு மாறியது. இது துணி வழங்கலில் வந்த மாற்றம். அணிந்தவரின் வேலையில் எதுவும் மாறவில்லை. அதே சின்னம் தரைப்படையில் வலக்கையின் கீழ்ப்பகுதியிலும் விமானப்படையில் இடக்கையிலும் இருந்தது. இது ஆணையால் வந்த வேறுபாடு. சேகரிப்பாளர் பட்டியலிலோ இரண்டும் ‘வகை’ என்ற ஒரே தலைப்பின் கீழ் வரிசையாக நிற்கின்றன.

மூன்றாவது ஒன்று இருக்கிறது. அதுதான் என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் முக்கியம். பிரிட்டிஷ் ராணுவ மருத்துவப் படையினர் முதல் உலகப் போரில் இரு மேற்கைகளிலும் வெள்ளை வட்டத்தில் சிவப்புச் சிலுவை அணிந்தார்கள். காலாட்படையிலிருந்தே எடுத்து ஸ்ட்ரெச்சர் தூக்க வைக்கப்பட்டவர்களின் கைப்பட்டையில் சிலுவை கிடையாது, ‘எஸ்.பி.’ என்ற இரண்டு எழுத்துகள் மட்டுமே. 1906-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை, காயம்பட்டவர்களைக் கவனிப்பதையே முழுநேரப் பணியாகக் கொண்டவர்களுக்குத்தான் சிலுவையையும் பாதுகாப்பையும் அளித்தது. எழுத்துப் பட்டை அணிந்தவர் அதே சேற்றில், அதே குண்டு மழையில், அதே வேலையைச் செய்தார். சட்டத்தின் கண்ணில் அவர் வெறும் போர்வீரர். 1918-இல் செய்த வீரச்செயலுக்காக விக்டோரியா கிராஸ் பெற்ற வில்லியம் கோல்ட்மேன் அப்படி ஸ்ட்ரெச்சர் தூக்கியவர்தான். அவருடைய கைப்பட்டையையும் மருத்துவப் படைச் சிலுவையையும் ஒரே சின்னத்தின் இரு வடிவங்களாக அடுக்கினால், உயிரைக் காக்கும் ஒரு சட்ட எல்லையை அழித்துவிடுகிறோம்.

அளவும் இப்படித்தான். 1949-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, துணைப் பணியாளர்கள் மருத்துவப் பணியில் இருக்கும் நேரத்தில் மட்டும், நடுவில் சிறிய சிலுவை கொண்ட வெள்ளைப் பட்டையை அணிய வேண்டும். விவரம் தெரியாதவருக்குச் சிறிய சிலுவை, ஏதோ ஒரு தொழிற்சாலையின் சிக்கனமாகத் தோன்றும்.

விலையும் கண்ணை மறைக்கிறது. ராணுவ அதிகாரம் முத்திரையிட்டு வழங்கிய கைப்பட்டைதான் செல்லும் என்பது உடன்படிக்கையின் விதி. அதனாலேயே முத்திரை உள்ள பட்டைக்குச் சந்தையில் மதிப்பு அதிகம். ரப்பர் முத்திரையைப் போல எளிதாகப் போலி செய்யக்கூடியதும் வேறில்லை. வேறு ஆதாரம் இல்லாமல் முத்திரையை மட்டும் நம்பி ஒரு பட்டையை ஏற்கக் கூடாது. ஆணைப் புத்தகத்தை மட்டும் நம்புவதும் அப்படியே. புதிய ஆணை வந்த மறுநாளே பழைய சரக்கைத் தூக்கி எறிந்த ராணுவம் எதுவும் இல்லை. விதிக்கு மாறான சின்னத்தைப் பார்த்தவுடன் போலி என்பதும் அவசரம். ‘அரிய வகை’ என்று கொண்டாடுவதும் அவசரம்.

சின்னத்தைச் சட்டையிலிருந்து பிரித்தெடுக்கும் பழக்கத்தை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆல்பத்தில் அழகாக ஒட்டி வைக்கலாம். தனித்தனியாக விற்கவும் வசதி. ஆனால் எந்தக் கை, எவ்வளவு உயரம், எந்த நூலால் தைத்தார்கள், அடியில் வெயில் படாத துணி எவ்வளவு கறுப்பாக இருக்கிறது என்ற சான்றுகள் எல்லாம் கத்தரிக்கோலோடு போய்விடுகின்றன. ஜெர்மன் சின்னத்தில் கைதான் படைப்பிரிவைச் சொல்கிறது என்று பார்த்தோம். பிரித்தெடுத்த சின்னத்துக்கு ஏது கை?

உங்கள் வீட்டுப் பெட்டியில் தாத்தாவின் பழைய ராணுவச் சட்டை சின்னத்தோடு கிடந்தால் அதைத் துவைக்காதீர்கள், பிரிக்காதீர்கள். இரு கைகளையும் உட்புறம் வெளிப்புறமாகப் படமெடுத்து, தோள் தையலிலிருந்து சின்னம் எத்தனை அங்குலம் கீழே இருக்கிறது என்று அளந்து ஒரு தாளில் எழுதி, சட்டையோடு சேர்த்து வையுங்கள்.