பட்டமும் பரீட்சையும்

கல்வி கற்பதற்குத் தூரம் தடையன்று. பட்டம் பெறுவதற்கும் அது தடையாதல் கூடாது. இக்கருத்தை நிலைநாட்டப் பிறநாட்டு உதாரணம் தேடி நாம் அலைய வேண்டியதில்லை. கல்முனைக்குத் தெற்கே சில கல் தொலைவிலுள்ள காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1916ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிற் சித்தியெய்தினார். பின்னர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தையும் பெற்றார். மதுரையிலோ இலண்டனிலோ தங்கிக் கற்றவரல்லர் அவர். எனினும் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தன் முதல் தமிழ்ப் பேராசிரியராக ஏற்றது. 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகமும் அவ்வாறே ஏற்றது. எங்கிருந்து படித்தீர் என்று எவரும் அவரை வினவினாரல்லர்.

இலண்டனின் வெளிவாரிப் பட்டத்தை உலகம் மதித்தமைக்குக் காரணம் யாது? 1858ஆம் ஆண்டின் பட்டயத்தால் அப்பல்கலைக்கழகம் எங்கிருந்து கற்றவர்க்கும் தன் பரீட்சை வாயிலைத் திறந்தது. கொழும்பில் 1921இல் தோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரியும், 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்படும்வரை, தன் மாணவரை அப்பரீட்சைகளுக்கே ஆயத்தஞ் செய்தது. கற்பித்தவர் ஒருவர்; சோதித்தவர் வேறொருவர். மாணவன் செலுத்திய கட்டணம் அவனுக்குப் பரீட்சை மண்டபத்தில் ஓர் இடத்தை மாத்திரமே வாங்கித் தந்தது. சித்தியை வாங்கித் தரவில்லை. அப்பட்டத்தின் பெறுமதிக்கு இதுவே வேர்.

நமது காலத்துக்கு வருவோம். மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரையுள்ள நம் கரையோர ஊர்களிலே, உயர்தரப் பரீட்சையிற் சித்தியெய்தியும் பல்கலைக்கழகத்தில் இடம் பெறாத இளைஞர் பலர். பதவியுயர்வுக்குப் பட்டம் வேண்டி நிற்கும் ஆசிரியர் பலர். வீட்டைவிட்டு நெடுந்தூரஞ் செல்லவியலாத பெண்கள் பலர். இவர்களுக்குத் தொலைக்கல்வி பெருந்துணை. 1980இல் தொடங்கிய திறந்த பல்கலைக்கழகமும், ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் முதலியன நடத்தும் வெளிவாரிப் பட்டநெறிகளும் இத்தேவைக்கு விடையாக எழுந்தவை. ஆயின், தேவை மிகுந்த இடத்தில் வாணிகமும் நுழையும். எங்கோ ஒரு நாட்டின் பெயரைச் சூடிக்கொண்ட நிறுவனங்கள், வீட்டிலிருந்தவாறே பட்டம் பெறலாம் என்று இவர்களை அழைக்கின்றன. அவ்விளம்பரங்களில் வரும் மூன்று சொற்களை ஈண்டு ஆராய்தல் தகும்.

முதலாவது, ‘பதிவு’. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்ற நிறுவனம் வாணிகஞ் செய்யலாம். பட்டம் வழங்கும் அதிகாரம் அப்பதிவினாற் கிடைப்பதில்லை. உள்நாட்டுத் தனியார் நிறுவனமொன்று பட்டம் வழங்க வேண்டின், பல்கலைக்கழகச் சட்டத்தின் 25அ பிரிவின்கீழ் அமைச்சரின் கட்டளை வர்த்தமானியில் வெளிவரல் வேண்டும். அக்கட்டளையும் குறித்த பட்டநெறிகளுக்கே உரியது. கடைக்குப் பெயர்ப்பலகை இட்டவன் வைத்தியனாகிவிட மாட்டான் என்பதை நாம் அறிவோம். பட்டத்தின் விடயத்தில் மாத்திரம் அதனை மறந்துவிடுகின்றோம்.

இரண்டாவது, ‘சர்வதேச அங்கீகாரம்’. அங்கீகரித்தல் என்பது ஒன்றைத் தன் அங்கமாக ஏற்றுக்கொள்ளுதல். ஏற்பவர் வேறொருவராய் இருத்தல் வேண்டும். தன்னைத் தானே அங்கீகரித்தல் இயலாது. எனவேதான் நமது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றை ஏற்கும்போது, சர்வதேசப் பல்கலைக்கழகங்களின் சங்கமும் பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் சங்கமும் வெளியிடும் பெயர்க்கோவைகளை நோக்குகின்றது. இத்தகைய சோதனைக்கு அஞ்சுவோர் சோதிப்போரையும் தாமே படைத்துக்கொள்வர். கராச்சியிலிருந்த அக்ஸாக்ட் என்னும் நிறுவனம் போலிப் பல்கலைக்கழகங்களை மாத்திரமன்றி, அவற்றுக்குச் சான்றுரைக்கும் போலிச் சபைகளையும் உண்டாக்கியிருந்ததை 2015 மே மாதத்தில் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை வெளிப்படுத்தியது. ஆதலால், சான்றிதழைக் கண்டவிடத்து, சான்றளித்தவர்க்குச் சான்று யார் என்று கேட்டல் முறை.

மூன்றாவது சொல்லே மிக நுட்பமானது: ‘அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்துள்ளோம்’. இது பொய்யாக இராமலும் இருக்கலாம். ஆயினும் அதனை நம்பிக் கட்டணஞ் செலுத்தினோர் நிலை யாது? தமிழகத்துச் சேலத்திலுள்ள விநாயகா மிஷன் ஆராய்ச்சி நிறுவனம் உட்பட நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், 2001ஆம் கல்வியாண்டு முதல், உரிய முன்னனுமதியின்றித் தொலைக்கல்வி வழியாகப் பொறியியற் கல்வியை நடத்தின; நடந்து முடிந்தவற்றுக்கும் செல்லுமாறு அனுமதியைப் பின்னர்ப் பெற்றன. அவ்வாறு பின்னோக்கி வழங்கிய அனுமதி செல்லாது என 2017 நவம்பர் 3ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2001 முதல் 2005 வரையான கல்வியாண்டுகளிற் சேர்ந்தோரின் பொறியியற் பட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அதன்பின் சேர்ந்தோரின் பட்டங்கள் நீக்கப்பட்டன. முற்பகுதியினர் தம் பட்டத்தை மீட்க நீதிமன்றம் காட்டிய வழி, அகில இந்தியத் தொழினுட்பக் கல்விக் கழகம் நடத்தும் பரீட்சையிற் சித்தியெய்துதலே. பத்தாண்டுக்கு மேலாகத் தொழில் புரிந்தவரும் மீண்டும் வினாத்தாளின் முன் அமர நேர்ந்தது. பிழை நிறுவனங்களுடையது, தண்டனையிற் பெரும்பங்கு மாணவருடையது.

இவ்விடத்தில் ஒரு தடை எழலாம். இன்று மதிக்கப்படும் நிறுவனங்கள் யாவும் ஒருகாற் புதியனவே. தகுதியை நாடி வருவோரைத் தள்ளிவிடுதல் நீதியோ என்பர். தள்ளிவிட வேண்டும் என்பது நம் கருத்தன்று. நமது தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் 1995இற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996இலேயே பல்கலைக்கழகமாயிற்று. ஆயின் சட்டத்தின் ஏற்பு முதலாகவும் மாணவர் அனுமதி அதன் பின்னாகவும் அமைந்தன. அங்கீகாரத்தை உண்மையாக நாடும் நிறுவனம் அது கிடைக்கும்வரை புதிய மாணவரைச் சேர்க்காது. முன்னர்ச் சேர்ந்தோர்க்குத் தன் நிலையை மறையாது உரைக்கும். தன் வினாத்தாள்களையும் விடைத்தாள்களையும் புறத்தேயுள்ள பரீட்சகரின் கையில் ஒப்படைக்கும். இம்மூன்றுக்கும் உடன்படாது விண்ணப்பத்தை மாத்திரம் விளம்பரஞ் செய்வது, நாடுவது அங்கீகாரத்தை அன்று, அங்கீகாரத்தின் சாயலை.

காலக்கணக்கும் ஓர் உரைகல்லாகும். இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி பொதுப்பட்டம் ஒன்றுக்கு 90 திறமைப்புள்ளிகள் வேண்டும். ஒவ்வொன்றும் 50 மணித்தியாலக் கற்றலைக் குறிக்கும். ஆக 4500 மணித்தியாலம். மூன்று மாதத்திற் பட்டம் என்று ஒருவர் கூறின், அம்மூன்று மாதத்தையும் உண்ணாது உறங்காது படிப்பினும் ஏறத்தாழ 2160 மணித்தியாலமே தேறும். எஞ்சிய பாதியைக் கட்டணம் படித்ததோ என்பதை வாசகரே தீர்மானிக்கலாம்.

அங்கீகாரம் பெற்ற நெறிகளும் முற்றாகக் குற்றமற்றன என்று கொள்ளற்க. அச்சிட்ட குறிப்புகளை நெட்டுருச் செய்து மூலநூலைத் தொடாமலே பட்டம் பெறுவோர் நம்மிடையே உளர். பிறர் எழுதிய ஒப்படையைத் தமதெனச் சமர்ப்பிப்போரும் உளர். இக்கட்டுரையாளனும் வெளிவாரிப் பட்டதாரிகளுள் ஒருவன். ஆதலின் இதனைக் கூறுதல் கடனாகின்றது. பகல் முழுதும் வகுப்பறையில் நின்று, இரவிலே விளக்கருகில் அமர்ந்து, வார இறுதியிற் பேருந்தேறி விரிவுரைக்குச் சென்று பட்டம் பெற்றோரின் உழைப்பை, விலைக்கு வாங்கிய பட்டம் ஒன்று கேலிசெய்கின்றது. பெயருக்குப்பின் எழுதும் எழுத்து இருவர்க்கும் ஒன்றே. அவ்வெழுத்தின்மேல் ஊரார்க்கு ஐயம் பிறப்பின் அது இருவரையும் சேர்த்தே தாக்கும்.

பள்ளியை விட்டுச் செல்லும் மாணவர், கட்டணஞ் செலுத்துமுன் மூன்று வினாக்களைக் கேட்பாராக: இப்பட்டத்தை இன்று ஏற்பவர் யார்? அதனை எழுத்திற் காட்டுவீரா? இதிலே தவறியவர் எவரேனும் உளரா? இறுதி வினாவுக்கு இல்லை என்று விடை வருமாயின், அங்கே பரீட்சை நடைபெறவில்லை, விற்பனை நடைபெறுகின்றது. அத்தகைய பட்டத்தைப் பெற்றவர் நாளை ஆசிரியராக வகுப்பில் நிற்கையில், அவரைச் சோதிக்கத் தவறிய பரீட்சையை அவர் மாணவர் எழுதுவர். தவறுபவரும் அவர்களே ஆவர்.